தெஸே, க்ளூனி பக்கம் ஓடப் போகிறவருக்கு

கேள்வி: ஜூன் முதல் சில மாதங்கள் பிரான்சில் தெஸே கிராமத்துக்குப் பக்கத்தில் தங்கப் போகிறேன். தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர் ஓடுகிற பழக்கம் உண்டு. அங்கே ஓட இடம் இருக்கிறதா? வயல் பக்கம் போனால் தனியார் நிலம் என்று விரட்டுவார்களா?

தாராளமாக ஓடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் எந்தப் பாதை யாருடையது என்பது மட்டும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் லியோனில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் தெற்கு பர்கண்டியின் அந்தப் பக்கம் ஓடப் போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தெஸே என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1940-ல் சகோதரர் ரோஜே அங்கே போய்த் தொடங்கிய துறவியர் சமூகம்தான். கோடையில் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து குவிவார்கள், குன்றின் மேல் ஒரே கூட்டமாக இருக்கும். கீழே இறங்கி அரை கிலோமீட்டர் ஓடினால் போதும், மாடுகளைத் தவிர யாரையும் பார்க்க முடியாது.

அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் 'வ்வா வெர்த்' பாதையைத்தான் காட்டுவார்கள். பழைய ரயில் தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டது. ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் திறந்தார்கள். பிரான்சில் இந்த மாதிரிப் பாதைகளில் இதுதான் முதலாவது. தெஸே குன்றின் அடிவாரத்திலேயே போகிறது. வடக்கே நாலு கிலோமீட்டர் அளவில் கொர்மத்தான், தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் க்ளூனி. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான். கார் வராது, வழி தவறவும் வாய்ப்பில்லை. வேகப் பயிற்சி செய்ய வேண்டிய நாளில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மற்ற நாட்களில் எனக்கு அது அலுத்துப்போகும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேர்கோடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக சைக்கிள்கள். அதனால் போகும்போது வ்வா வெர்த், திரும்பும்போது ஊர்ப்பாதை என்று வட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தெஸேயிலிருந்து கீழே இறங்கி வடக்கே கொர்மத்தான் வரை ஓடுங்கள். அங்கே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒரு கோட்டை மாளிகை இருக்கிறது. திரும்பும்போது மேட்டில் ஏறி அமென்யி கிராமம் வழியாக வாருங்கள். தெஸேயும் அமென்யியும் ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் முடிந்துவிடும், நீங்கள் கேட்ட தூரம்தான். மேட்டிலிருந்து க்ரோன் ஆற்றின் சமவெளி முழுக்கத் தெரியும்.

நீள ஓட்டத்துக்கு கொர்மத்தானிலிருந்து கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஷப்பேஸ் வரை போகலாம். அங்கே 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் மணிக்கோபுரம் சுமார் 35 மீட்டர் உயரம். ஊரோ சின்னது, வீடுகள் தாழ்ந்தவை, அதனால் கோபுரம் தூரத்திலிருந்தே வழி காட்டும். மேடு ஏறி மூச்சு வாங்க வேண்டும் என்றால் ஆற்றுக்குக் கிழக்கே மோன் சான் ரொமான் மலை, 579 மீட்டர். அடிவாரத்தில் பிளானோ என்ற கல்வீட்டுக் கிராமம். அங்கிருந்து காட்டுப் பாதையில் ஏறினால் சோன் ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கும், வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ்கூடத் தெரியும். கால் வலி இருக்கிற வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும்.

இப்போது நில விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கிராமங்களில் 'ஷெமான் ரூரால்' என்று ஒரு வகைப் பாதை உண்டு. அது ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் நடக்கவும் ஓடவும் உரிமை உள்ளது. இன்னொரு வகை, விவசாயிகள் தங்கள் வயல்களுக்குப் போய்வரப் போட்டுக்கொண்டது. அது அந்த நிலக்காரர்களுடைய சொத்து. மூடி வைக்காத வரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் மூட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. சங்கிலி கட்டியிருந்தாலோ 'ப்ரொப்ரியெத்தே ப்ரிவே' என்று பலகை இருந்தாலோ திரும்பிவிடுங்கள், அது தனியார் நிலம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நடுவில் புல், இரண்டு பக்கமும் டிராக்டர் சக்கரத் தடம்.

அதனால் ஓட்டச் செயலியில் நாலு பேர் ஓடிய கோடு தெரிகிறது என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அவர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்பதைச் செயலி சொல்லாது. மரத்திலும் கல்லிலும் இருக்கிற பெயிண்ட் அடையாளங்கள்தான் நம்பகமானவை. மஞ்சள் கோடு என்றால் அந்த வட்டாரத்துச் சுற்றுப்பாதை. வெள்ளை-சிவப்பு என்றால் 'ஜே-எர்' எனப்படும் நெடும்பாதை. பெருக்கல் குறி போல இருந்தால் இந்தப் பக்கம் இல்லை, முந்தைய திருப்பத்துக்குப் போ என்று அர்த்தம். இதோடு அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வரைபடம், 1:25,000 அளவில் உள்ளதைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டர் என்பதால் தனி மாட்டுக்கொட்டகைகூடத் தெரியும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

மாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் மேய்வது பெரும்பாலும் ஷாரோலே இனம், வெள்ளை நிறம், இறைச்சிக்காக வளர்ப்பது. நம் ஊர்ப் பசுவை மனதில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவப் போகாதீர்கள், பெரிய உருவம். கன்றோடு இருக்கும் தாய்ப்பசு ஓடி வருகிற ஆளைப் பார்த்தால் மிரளும். பாதை மேய்ச்சல் நிலத்துக்குள் போனால் அங்கே நடந்துதான் போக வேண்டும், மந்தையை நடுவில் பிளக்காமல் ஓரமாகச் சுற்றி. கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள். வேலியில் மெல்லிய ஒற்றைக் கம்பி ஓடினால் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் வெயில்தான் பிரச்சினை. அனல் அலை வந்தால் 35 டிகிரியைத் தாண்டும். ஆறு, ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் நல்லது. மாலையில் ஓடுகிறவர் என்றால் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன்: எல்லா ஊரிலும் கல்லறைத் தோட்டம் இருக்கும், அங்கே பூச்செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். பிரான்சில் ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. 'ஓ நோன் பொத்தாப்ல்' (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் தலையில் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம், குடிக்கக் கூடாது. துணி துவைக்கும் பழைய தொட்டிகளில் ஓடுகிற நீரும் அப்படித்தான்.

உயரமான புல்லுக்குள் போய் வந்த நாளில் குளிக்கும்போது முட்டியின் பின்புறம், இடுப்பு எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் அங்கே சாதாரணமாகப் பேசப்படுகிற விஷயம். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் விற்கும்.

தார்ச்சாலையில் ஓட நேர்ந்தால் இடது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. அங்கே வண்டி வலப்பக்கம் போகும் என்பதால் இது முதலில் குழப்பும். ஊருக்கு வெளியே 80 கிலோமீட்டர் வேகத்தில் வருவார்கள், சாலையோ ஒடுங்கியது.

செப்டம்பருக்குப் பிறகும் இருப்பீர்கள் என்றால் வேட்டைக் காலம் தொடங்கிவிடும், பிப்ரவரி கடைசி வரை நீளும். காட்டுப்பன்றிக்காகக் கூட்டமாகச் சேர்ந்து காட்டை வளைப்பார்கள். 'ஷாஸ் ஆன் கூர்' என்று சாலையோரத்தில் பலகை வைத்திருந்தால் அன்றைக்கு வேட்டை நடக்கிறது, அந்தக் காட்டுக்குள் போகவே வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள். சத்தம் கேட்டால் நின்று குரல் கொடுங்கள், ஒளிந்துகொள்ளாதீர்கள். எனக்கு அந்த மாதங்களில் வ்வா வெர்த் திடீரென்று பிடித்துப்போய்விடும்.

க்ளூனி வரை ஒரு நாளாவது ஓடிப் பாருங்கள். 910-ல் தொடங்கிய மடம் அது. ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் எழும் வரை அதன் தேவாலயம்தான் கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இடித்துக் கல்லை விற்றார்கள், மிஞ்சியது ஒரு மூலைதான். ஷலோன், மாக்கோன் நகரங்களுக்கு இடையே ஓடும் பேருந்து கொர்மத்தான், தெஸே, க்ளூனி மூன்றிலும் நிற்கும். அதனால் ஓடிப்போய் பேருந்தில் திரும்பலாம். ஞாயிறு, விடுமுறை நாட்களில் வண்டிகள் குறைவு. கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பத்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.