இசைவாணையில் யாரும் புரட்டாத பக்கங்கள்: நீர், கழிவு அனுமதிகள் குறித்த கேள்வி பதில்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் வழங்கும் இசைவாணைகளைப் பற்றித் தொழில் நடத்துவோரும் விவசாயிகளும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த விண்ணப்பங்களோடு பழகியதில் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணையின் முதல் பக்கத்தைச் சட்டகம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டுகிறவர்கள், அதன் பின்னால் வரும் நிபந்தனைப் பக்கங்களைப் பெரும்பாலும் படிப்பதே இல்லை. உண்மையில் அந்தப் பக்கங்கள்தான் அனுமதி.

கேள்வி (ஆத்தூர், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலை): ஐயா, நிறுவுவதற்கான இசைவாணை கிடைத்துவிட்டது. மரவள்ளி அறுவடை தொடங்கப்போகிறது. உற்பத்தியை ஆரம்பித்துவிட்டு, இயக்குவதற்கான இசைவாணைக்குப் பிறகு விண்ணப்பிக்கலாமா?

கூடாது. உங்கள் கையிலிருப்பது, அந்த இடத்தில் ஆலையைக் கட்டிக்கொள்ளத் தடையில்லை என்று சொல்லும் ஆணை மட்டுமே. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி முடித்து, வாரியப் பொறியாளர் பார்வையிட்ட பிறகு கிடைக்கும் இரண்டாவது ஆணையே உற்பத்தி செய்யவும் கழிவுநீரை வெளியேற்றவும் உரிமை தருகிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றும் 1981ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றுமாக இரண்டு தனித்தனி ஆணைகள் வரும். இரண்டின் காலாவதித் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேகோ ஆலைக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. மாவுச்சத்து கரைந்த நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. அந்தத் தேவையின் அளவைத்தான் பி.ஓ.டி. என்று 27 பாகை வெப்பநிலையில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள். சுத்திகரிக்காத சேகோ கழிவுநீரில் அது லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராமாக இருக்கும். பொதுத் தரநிலையின்படி ஆறு, ஓடை, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடுவதற்கு 30 மில்லிகிராமும், பாசனத்துக்காக நிலத்தில் விடுவதற்கு 100 மில்லிகிராமும் உச்ச வரம்புகள். உங்கள் ஆணையில் எந்த இடத்துக்கு விட அனுமதித்திருக்கிறார்கள், எந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். சேலம் பகுதியில் பல ஆலைகள் இந்தக் கழிவுநீரை மூடிய தொட்டிகளில் நொதிக்க வைத்துச் சாண எரிவாயுவைப் போன்ற வாயுவை எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. அறுவடை முடிந்ததும் பட்டினி கிடக்கும் அந்தத் தொட்டியின் நுண்ணுயிர்களை அடுத்த பருவத்துக்கு மெல்ல மெல்லத்தான் தயார்ப்படுத்த முடியும். பருவத்தின் முதல் வாரங்களில் மாதிரி தோற்பதற்கு இதுவே வழக்கமான காரணம் என்பதால், அரவை தொடங்கும் நாளுக்கு வெகுமுன்பே தொட்டியைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (ஈரோடு, சாயப்பட்டறை): கழிவுநீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) அதிகமாக வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விட்டால் அளவுக்குள் வந்துவிடுமல்லவா?

ஆய்வறிக்கையில் எண் குறையும். ஆற்றுக்குப் போகும் உப்பில் ஒரு கிராம்கூடக் குறையாது. ஆணையில் செறிவு மட்டுமல்ல, நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் என்ற அளவும் இருப்பது இந்தத் தந்திரத்தைத் தடுப்பதற்காகத்தான். ஒரு கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் பி.ஓ.டி. உள்ள நீரை நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் விட்டால் 3 கிலோ சுமை சேர்கிறது. அதே செறிவில் 200 கிலோலிட்டர் விட்டால் 6 கிலோ. ஆணை அனுமதித்தது 100 கிலோலிட்டர் என்றால், செறிவு வரம்புக்குள் இருந்தாலும் இரண்டாமவர் நிபந்தனையை மீறியவரே. ஓட்டமானியும் மின்சார மீட்டரும் தினசரிப் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால், நேரில் பார்வையிடும் பொறியாளருக்கு மாதிரி எடுக்கும் முன்பே சந்தேகம் வந்துவிடும்.

சாயத் தொழிலின் உப்பு நம் நாட்டில் கொடுத்த விலை கொஞ்சமல்ல. நொய்யல் வழியாக வந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு துளிகூட வெளியேற்றாமல், சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் செய்து நீரையும் உப்பையும் மீட்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே நடைமுறையாக வேரூன்றியது அதன் பிறகுதான். உங்கள் ஆணையிலும் அந்த நிபந்தனை இருந்தால், 2100 மில்லிகிராம் டி.டி.எஸ். வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. வெளியேற்றம் என்பதே உங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை.

கேள்வி: விண்ணப்பித்து நான்கு மாதம் கடந்துவிட்டது. பதில் இல்லாவிட்டால் இசைவு கிடைத்ததாகவே பொருள் என்கிறார்களே?

நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ‘எல்லா வகையிலும் முழுமையான’ விண்ணப்பம் என்ற சொற்களைச் சேர்த்துப் படியுங்கள். கூடுதல் விவரம் கேட்டு இணையவழி அமைப்பில் ஒரு குறிப்பு வந்து, அதற்கு நீங்கள் பதிலளிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. இதை நம்பி ஆலையை ஓட்டும்படி நான் யாருக்கும் ஆலோசனை சொன்னதில்லை.

கேள்வி: காவிரியிலிருந்து மூன்று கிலோமீட்டரில் நிலம் வாங்கியிருக்கிறேன். சாயப்பட்டறை தொடங்கலாமா?

மிகுந்த மாசு ஏற்படுத்தும் தொழில்களுக்கு 1989ஆம் ஆண்டின் அரசாணை நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டரும், 1998ஆம் ஆண்டின் அரசாணை காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி முதலான ஆறுகளிலிருந்து ஐந்து கிலோமீட்டரும் விலக்கி வைத்திருக்கின்றன. நிலம் வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி (விவசாயி): எங்கள் வாய்க்காலில் நிறம் மாறிய நீர் வருகிறது. மேலேயிருக்கும் ஆலைக்கு என்ன அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும், அது உங்கள் சட்ட உரிமை. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவின்படி, விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படுகிறவர் எவரும் அதைப் பார்வையிடலாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இசைவாணை நகலையும் கடைசி ஆய்வறிக்கைகளையும் கேளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் எங்கே வெளியேற்ற அனுமதி, நாளொன்றுக்கு எவ்வளவு, என்ன வரம்பு என்ற மூன்றை மட்டும் முதலில் பாருங்கள். ஆலையின் சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் பாய்ச்ச அனுமதித்த நீர் உங்கள் வாய்க்காலில் ஓடினால், அதன் தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மீறல்தான். “தண்ணீர் கெட்டுவிட்டது” என்று எழுதும் புகாரைவிட, “இன்ன நிபந்தனைக்கு மாறாக இன்ன தேதியில் இத்தனை மணிக்கு இந்த மதகில் நீர் வந்தது” என்று எழுதும் புகாருக்கு வலு அதிகம். ஆய்வுக்கு வருகிறவர்கள் சட்டப்படி மாதிரி எடுத்தால், ஆலைத்தரப்புக்கு அறிவித்து, அவர்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். நீங்கள் பாட்டிலில் பிடித்துவைத்த நீர் நீதிமன்றத்தில் அதற்கு ஈடாகாது. ஆயினும் தேதியிட்ட ஒளிப்படங்கள் பயன்படும். வாரியம் அசையவில்லையென்றால், அதே சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தை அணுகலாம். சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இருக்கிறது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது வேலூர்க் குடிமக்கள் தொடுத்த மனுவினால்தான்.

கேள்வி (வாகனப் பட்டறை): பழைய எஞ்சின் எண்ணெயைக் காயலான் கடைக்கு விற்கிறோம். அதில் தவறுண்டா?

உண்டு. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் அனுப்ப வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கிவைக்கக் கூடாது. ஆண்டு அறிக்கையை ஜூன் 30க்குள் தர வேண்டும். இசைவாணையும் கழிவு அங்கீகாரமும் வெவ்வேறு ஆவணங்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நான் படுக்கை வசதியில்லாத சிறு மருத்துவமனை நடத்துகிறேன். ஒவ்வோராண்டும் புதுப்பிக்க வேண்டுமா?

படுக்கை இல்லாதவற்றுக்கு மருத்துவக் கழிவு அங்கீகாரம் ஒரே முறைதான். கழிவை வகைப்படி நிறப்பைகளில் பிரிப்பதும், சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்காதிருப்பதும், ஆண்டு அறிக்கை தருவதும் அதனால் விலகிவிடாது.

கேள்வி (அரிசி ஆலை): சுற்றுச்சூழல் இழப்பீடு கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள்?

மத்திய மாசு கட்டுப்பாடு வாரியத்தின் சூத்திரத்தில் ஐந்து எண்களைப் பெருக்குகிறார்கள்: தொழிலின் மாசுக் குறியீடு, மீறல் நாட்கள், ரூபாய் மதிப்பு, ஆலையின் அளவு, ஊரின் அளவு. ஆரஞ்சு வகைச் (நடுத்தர மாசு ஏற்படுத்தும்) சிறு ஆலைக்கு மாசுக் குறியீடு 50, ரூபாய் மதிப்பு 250, ஆலையின் அளவு 0.5, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊருக்கு 1 என்று வைத்தால் நாளொன்றுக்கு 6,250 ரூபாய்; 60 நாளுக்கு 3,75,000 ரூபாய். இதில் உங்கள் கையிலிருப்பது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. குறையைச் சரிசெய்ததை வாரியம் சரிபார்க்கும் நாள் வரை கணக்கு ஓடும் என்பதால், சரிசெய்த அன்றே எழுத்துமூலம் தெரிவித்து மறு ஆய்வு கோருங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு விதிக்கும் அதிகாரம் வாரியங்களுக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியிருக்கிறது. ஆகவே அதிகாரமே இல்லையென்று வாதாடுவதைவிட நாட்கணக்கையும் வகைப்பாட்டையும் சரிபார்ப்பது பயனுள்ளது. இசைவு மறுக்கப்பட்டாலோ ஏற்க முடியாத நிபந்தனை விதிக்கப்பட்டாலோ, ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அமைப்பிடம் செல்ல வேண்டும். உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.