ரயில் கண்ணிலேயே இல்லை, கேட்டை ஏன் திறக்கவில்லை?

கால் மணி நேரம் காக்க வைத்தார் என்று கேட் கீப்பர் மேல் கோபப்பட்டிருக்கிறீர்கள். பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை சார். இன்டர்லாக் (கேட்டையும் சிக்னலையும் இணைக்கும் அமைப்பு) உள்ள கேட் என்றால், பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். விழுந்த பிறகு அவர் நினைத்தபடி திறக்க முடியாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார், இவர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். மொத்தப் பாதுகாப்பும் அந்தப் பேச்சில்தான் நிற்கிறது. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதியது இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். அதனால் திறக்கச் சொல்லி நெருக்காதீர்கள். நீங்களே தூக்கினால் ரயில்வே சட்டம் 160-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

தினமும் இதே தாமதம் என்றால் கேட் எண்ணையும் நேரத்தையும் குறித்து ரயில்வே உதவி எண் 139-ல் புகார் செய்யுங்கள். அப்புறம் ஊராகச் சேர்ந்து ரயில்வே கோட்ட மேலாளருக்கு மனு கொடுங்கள். மேம்பாலமாகவே கேளுங்கள், சுரங்கப்பாதை என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்.