எம்எக்ஸ்-5-ஐக் கொடுத்துவிட்டு எஸ்2000 வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு, தவணை மசேநியிலிருந்து (மத்திய சேமநிதி) போய்விடுகிறது. மனைவியும் நானும் சேர்ந்து மாதம் 11,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பாதிக்கிறோம். வீட்டுச் செலவு மாதம் 6,000 வெள்ளி. மூத்த மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. சேமிப்பு 58,000 வெள்ளி, அவசரத்துக்கு வைத்திருக்கும் பணமும் அதற்குள்தான்.

2019 தொடக்கத்தில் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னிடம் இருக்கிறது. கடன் பாக்கி இல்லை. ஏழு ஆண்டில் டயர், பேட்டரி, எண்ணெய் தவிர ஒரு செலவும் வைக்காத கார். டீலர் 66,000 வெள்ளி தருகிறார். இப்போது 2009-ல் பதிவான ஹோண்டா எஸ்2000 ஒன்று 105,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அதன் சிஓஇ (ஏலத்தில் விலை முடிவாகும், காரை ஓட்டும் உரிமைச் சான்று) 2019-ல் பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. "இரண்டு காருக்கும் 2029-ல்தான் கெடு முடிகிறது. எஸ்2000 விலை இனி இறங்காது. இது செலவே இல்லை, முதலீடு" என்கிறார் நண்பர். இளவயதிலிருந்தே ஆசைப்பட்ட கார். மாற்றலாமா?

பதில்: இரண்டு இருக்கைக் காரில் நால்வர் குடும்பம் எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அதை உங்கள் மனைவி ஏற்கெனவே கேட்டிருப்பார். பணத்தை மட்டும் பார்ப்போம்.

105,000 வெள்ளிக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. எஸ்2000 தயாரிப்பு 1999-ல் தொடங்கி 2009-ல் நின்றுவிட்டது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும் அந்த இரண்டு லிட்டர் இன்ஜினை இனி யாரும் செய்யப்போவதில்லை. உலகம் முழுக்க நல்ல நிலையில் உள்ள எஸ்2000-களின் விலை ஏறித்தான் இருக்கிறது. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். சிங்கப்பூரில் காரை வாங்குவது ஒன்று, அதை ஓட்டும் உரிமையை வாங்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே விலைக்குள் கலந்து கிடப்பதால் எது ஏறுகிறது, எது கரைகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் உங்கள் எம்எக்ஸ்-5. அதன் ஏஆர்எஃப், அதாவது பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணம், உங்கள் ஆவணப்படி 34,000 வெள்ளி. பத்து ஆண்டு முடியுமுன் காரின் பதிவை ரத்து செய்தால் அதில் ஒரு பங்கு பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்பி வரும். ஏழு ஆண்டு தாண்டிய காருக்கு 60 விழுக்காடு, ஒன்பதைத் தாண்டி பத்துக்குள் என்றால் 50. ஆகவே 2029-ல் கெடு முடியும்போது 17,000 வெள்ளி உங்களுக்கு உறுதி. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சந்தை எப்படி இருந்தாலும், நிலப் போக்குவரத்து ஆணையம் தரும் பணம் அது. இன்றைய 66,000 மூன்று ஆண்டில் 17,000 ஆகிறது. தேய்மானம் 49,000, ஆண்டுக்குச் சுமார் 16,300. இது குறைந்த தொகை இல்லைதான், ஆனால் இதற்கு மேல் போகாது என்று இன்றே சொல்லிவிடலாம்.

எஸ்2000-க்கு அப்படி ஓர் அடித்தளம் கிடையாது. சிஓஇ-யைப் புதுப்பித்த அன்றே அதன் பார்ஃப் உரிமை போய்விட்டது. 2019-ல் முந்தைய உரிமையாளர் கட்டிய புதுப்பிப்புக் கட்டணத்தில் மீதி மாதங்களுக்கான பங்கு மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். அவர் 36,000 கட்டியிருந்தார் என்று வைத்துக்கொண்டால் இன்று அந்தப் பங்கு 10,800 வெள்ளி. 2029-ல் பூஜ்யம். நீங்கள் கொடுக்கப்போகும் 105,000-க்குப் பின்னால் அரசாங்கம் தாங்கிப் பிடிப்பது அந்த 10,800-ஐ மட்டுமே. உங்கள் எம்எக்ஸ்-5-ஐ இன்றே ரத்து செய்தால் பார்ஃப் 20,400-உம், சிஓஇ மீதியும் சேர்ந்து ஏறக்குறைய 30,000 கிடைக்கும்.

சரி, மீதிப் பணம் எதற்குப் போகிறது? பெரிய இன்ஜின் கார்களுக்கான 'பி' பிரிவு சிஓஇ சில ஆண்டுகளாகவே 100,000 வெள்ளியை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கிறது. 2023 அக்டோபரில் 150,000-ஐத் தொட்டது. இன்று பத்து ஆண்டு உரிமை 110,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு உரிமையின் மதிப்பு அதில் 33,000. 105,000-இல் இதைக் கழித்தால் 72,000 வெள்ளி. காரின் வெறும் கூட்டுக்கு, அதாவது உரிமை எதுவும் இல்லாத உடலுக்கும் இன்ஜினுக்கும், விற்பவர் கேட்கும் விலை அதுதான்.

இப்போது நண்பரின் வாதத்தைச் சோதிப்போம். மாற்றியதால் நட்டம் இல்லை என்று 2029-ல் நீங்கள் சொல்ல வேண்டுமானால், எஸ்2000-க்கு ஆகும் மொத்தச் செலவு எம்எக்ஸ்-5-இன் 49,000-ஐத் தாண்டக் கூடாது. 105,000-இல் 49,000 போனால் 56,000. அதோடு ஓட்டும் செலவில் வரும் வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டுமே இரண்டு லிட்டர் கார்கள், அடிப்படைச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 1,210 வெள்ளி. ஆனால் பத்து வயதைத் தாண்டிய காருக்கு வரி ஆண்டுதோறும் பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போய், பதினான்கு வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும். எஸ்2000 அங்கே போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. மூன்று ஆண்டில் 1,800 வெள்ளி கூடுதல். காப்புறுதியும் ஏறும். பதினேழு வயது ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் முன்வருவதே இல்லை. கிடைத்தாலும் ஆண்டுக்கு 700 கூடுதல் என்று வைப்போம், அது 2,100. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 4,000 ஒதுக்கச் சொல்வேன், அது 12,000. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 16,000 வெள்ளி.

56,000-உம் 16,000-உம் சேர்ந்தால் 72,000. இன்று கூட்டுக்குக் கேட்கிறார்களே, அதே தொகை.

ஆக, இந்த மாற்றம் 'செலவே இல்லை' என்று ஆக வேண்டுமானால், 2029-ல் இருபது வயதாகிவிட்ட, சிஓஇ தீர்ந்துபோன காரின் கூட்டை யாராவது 72,000 வெள்ளிக்கு வாங்க வேண்டும். வாங்குபவர் அதை ஓட்ட இன்னும் 110,000 கட்டவேண்டும். மொத்தம் 182,000. அப்படி ஒருவர் கிடைக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. இந்தக் காருக்குப் பித்துப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள், நீங்களே அதில் ஒருவர். ஆனால் சிஓஇ ஏறினால் அந்த வாங்குபவர் கூட்டுக்குக் கொடுக்கும் விலையைத்தான் குறைப்பார், ஏனென்றால் சிஓஇ-யில் பேரம் பேச முடியாது. கூட்டின் விலை 45,000-க்கு இறங்கினால் உங்களுக்கு 27,000 நட்டம். அது ஏறினால் லாபம் என்பதும் உண்மைதான், ஆனால் காரை ஆசைக்காக வாங்குபவர் அந்த லாபத்தை எடுக்கவே மாட்டார். 2029-ல் நீங்கள் விற்கவா போகிறீர்கள்?

விற்க மாட்டீர்கள், புதுப்பிப்பீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை. அந்த ஆண்டில் சிஓஇ-க்கு ஏறக்குறைய 110,000 வெள்ளி வேண்டும். மூத்த மகளுக்கு அப்போது 18 வயது, மேல்படிப்புக் கட்டணம் தொடங்கும் நேரம். முந்தைய மூன்று மாதங்களின் சராசரி விலையைத்தான் புதுப்பிப்புக்குக் கட்டவேண்டும் என்பதால், விலை குறைந்த ஏலத்தைப் பார்த்துப் பிடிக்கும் வாய்ப்பும் இல்லை. 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளுக்குக் கூடுதலாக 20,000 சிஓஇ வரை விடுவதாக ஆணையம் அறிவித்திருக்கிறது, அதனால் விலை இறங்கும் என்று நீங்கள் சொல்லலாம். இறங்கினால் நல்லது. அதை வரவில் எழுதாதீர்கள்.

ஐந்து ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்தால் பாதிச் செலவுதானே என்ற யோசனையும் வரும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி புதுப்பிக்க முடியாது. முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். கூட்டின் விலையை நம்பி வாங்கியவர் செய்யக்கூடாத காரியம் அது. மிகப் பழைய கார்களுக்குச் சலுகை தரும் பழமைக்கார் திட்டத்திலும் இடமில்லை. அதற்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், உங்கள் காருக்கு அது 2044-ல்.

இன்னொன்று உங்கள் 58,000. அதிலிருந்து 39,000 எடுத்தால் 19,000 மிஞ்சும். உங்கள் செலவுக்கு அது மூன்று மாதம் தாங்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆறு மாதம், அதாவது 36,000-க்குக் கீழே போகக் கூடாது என்பேன். அதுவும், ஏழு ஆண்டு செலவே வைக்காத காரை விட்டுப் பதினேழு வயதுக் காருக்கு மாறும் அதே மாதத்தில் கையிருப்பைப் பாதிக்கு மேல் குறைப்பது சரியே இல்லை.

கடன் வாங்கலாமே என்றால், வாங்கலாம். திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேருமுன் காரின் இறக்குமதி மதிப்பு, 20,000-ஐத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன், உங்களுக்கு அது போதும். ஆனால் சிஓஇ-யில் மீதியிருப்பது மூன்று ஆண்டு என்பதால் அதற்குள் கட்டி முடிக்கவேண்டும். 40,000 வெள்ளிக்கு 3 விழுக்காடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மாதத் தவணை 1,211. அந்த 3, தொடக்கக் கடன் முழுவதற்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டி. உண்மை விகிதம் 5.7-ஐ ஒட்டி வரும்.

அப்படியானால் என்ன செய்வது? எம்எக்ஸ்-5-ஐ 2029 வரை ஓட்டுங்கள். எஸ்2000-க்கு ஆகியிருக்கும் கூடுதல் ஓட்டுச் செலவை, மாதம் 450 வெள்ளி, தனிக் கணக்கில் போடுங்கள். மூன்று ஆண்டில் 16,200. எடுக்காமல் விட்ட 39,000, பார்ஃப் 17,000, எல்லாம் சேர்ந்தால் 72,200, வட்டி தனி. எஸ்2000-இன் கூட்டுக்கு இன்று கேட்கும் விலை அப்போது ரொக்கமாக உங்கள் கையில் இருக்கும். கார் வாங்கலாம், மகளின் கட்டணத்தைக் கட்டலாம். எம்எக்ஸ்-5-ஐயே புதுப்பிக்கலாம் என்று தோன்றினால் அந்த 17,000-ஐ இழப்பீர்கள், அதையும் புதுப்பிப்புச் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

விற்பவர் விலையை இறக்கினால் என் கணக்கும் மாறும். 88,000-க்கு வந்தால் வித்தியாசம் 22,000 மட்டும். உங்களிடம் 36,000 மிஞ்சும், ஆறு மாதச் செலவு அப்படியே இருக்கும். கூட்டு 55,000-க்குப் போனாலே நட்டமில்லை. அந்த விலையில் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன், 2029-இன் 110,000 எங்கிருந்து வரும் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடித்திருந்தால்.

அப்படி வாங்கப் போனால், ஹோண்டா தெரிந்த, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வொர்க்‌ஷாப்பில் காரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது டைமிங் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறதா, இரண்டாம் கியர் விழும்போது உரசுகிறதா, கூரைத் துணி மடியும் இடத்தில் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தவறான கியருக்கு இறக்கி, இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றியிருந்தால் வால்வுப் பகுதியில் அடிபட்டிருக்கும். இந்தக் காரில் அது நடக்கும். அதைத் திறந்து பார்க்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுங்கள். மாற்றிப் பொருத்திய எக்ஸாஸ்ட் இருந்தால் அதற்கு அங்கீகாரத் தாள் உண்டா என்று கேளுங்கள். இந்த வயதுக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, தாள் இல்லாவிட்டால் முதல் சோதனையிலேயே சிக்கும். 2019 புதுப்பிப்பு உண்மையில் பத்து ஆண்டுக்குத்தானா என்பதை விற்பவர் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல், முன்பணம் கொடுக்குமுன் வாகனப் பதிவு விவரத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.