சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில்

வாசகர் கேள்வி – பதில்: சதுரங்கப் பக்கம்

வெள்ளி தொடங்கி ஞாயிறு முடிய மூன்று நாள்கள் நடக்கும் செஸ் போட்டிகளைப் பற்றி மலைப்பகுதி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். பலருக்கும் பொதுவாக உதவக்கூடிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஊட்டியில் மூன்று நாள்களில் ஆறு சுற்றுகளாக நடக்கவிருக்கும் போட்டிக்கு முதன்முதலாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். தங்கும் செலவை மிச்சப்படுத்தத் தினமும் பேருந்தில் போய்வரலாம் என்று என் கணவர் சொல்கிறார். அது சரிவருமா? கையோடு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?
– ஒரு தாய், கூடலூர்

பதில்: உங்கள் கணவரின் கவலை நியாயமானதுதான் அம்மா. கூடலூரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான் என்றாலும், நடுவட்டம், பைக்காரா வழியாக வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில் பேருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். சுமார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்துக்குக் காலையில் குமட்டலோடு ஏறிவந்து, உடனே பலகையின் முன் உட்காருவது பெரியவர்களுக்கே கடினம். ஒவ்வொருவருக்கும் 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 30 நொடியும் தரும் நேரக் கணக்கில், 60 நகர்வு வரை நீளும் ஓர் ஆட்டம் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் இரண்டு சுற்றுகள் என்றால் எட்டு மணி நேரம். மாலைச் சுற்று முடிய இருட்டிவிடும். அதன் பிறகு பனிமூட்டத்தில் இறங்கிப்போய், சரியாகத் தூங்காமல், விடியும் முன்பே மறுபடியும் ஏறிவர வேண்டியிருக்கும். மூன்று இரவுகள் தங்க வசதிப்படாவிட்டால் வியாழன் இரவை விட்டுவிடுங்கள். வெள்ளி, சனி ஆகிய இரண்டு இரவுகளாவது ஊட்டியிலேயே இருங்கள். களைப்பு சேர்ந்துகொண்டே போவது அந்த இரண்டு நாள்களில்தான்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் முதலாவது, கை இறுக்கமாக இருக்கும் ஸ்வெட்டர். இதை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். ஒரு போட்டி அரங்கில், தொளதொளவென்ற கம்பளிச் சட்டை அணிந்த ஒரு சிறுமி தூரத்துக் கட்டத்தில் இருந்த யானையை எடுக்கக் கையை நீட்டியபோது, சட்டையின் விளிம்பு பட்டு அவளுடைய ராஜா சாய்ந்துவிட்டது. அவள் முகம் வெளிறிப்போய், ‘தொட்டுவிட்டேன், இனி ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும்’ என்று எண்ணி, ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தி, நன்றாக நின்ற ஆட்டத்தை இழந்தாள். தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதி, நகர்த்தும் எண்ணத்தோடு தொடுவதற்குத்தான் பொருந்தும். தவறுதலாகத் தட்டிவிட்டால், தன் கடிகாரம் ஓடும்போதே காயை எடுத்து அதன் இடத்தில் நிறுத்திவிட்டுத் தான் ஆட நினைத்ததை ஆடலாம். கட்டத்தின் நடுவில் இல்லாத காயைச் சரிசெய்ய விரும்பினால் மட்டும், தொடுவதற்கு முன்பே ‘அட்ஜஸ்ட்’ என்று எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஐயம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி நடுவரை அழைக்கலாம் என்பதையும் உங்கள் மகளுக்கு வீட்டிலேயே ஒரு முறை செய்துகாட்டுங்கள். நடுவரை அழைப்பது தப்பு என்று எண்ணிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

பிறகு, இரண்டு பேனாக்கள். குளிரில் மை இறங்காமல் பேனா எழுத மறுப்பது இங்கே வழக்கம். ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி கூடும் ஆட்டத்தில் கடைசி நகர்வு வரை ஸ்கோர் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய் போதும். இடைவேளையில் சுடச்சுட பஜ்ஜி தின்றுவிட்டு அடுத்த சுற்றில் கண் சொருக உட்காருவதை விட, இட்லியோ கொஞ்சம் ரசம் சாதமோ நல்லது.

கேள்வி: சென்ற போட்டியில் முதல் சுற்றிலேயே என்னை விட 300 புள்ளி கூடுதல் ரேட்டிங் உள்ளவரோடு மோத விட்டார்கள். தோற்றேன். அதன் பிறகு, வெல்லக்கூடிய எதிராளிகளிடமும் தோற்று, ஆறு சுற்றுகளில் ஒன்றரைப் புள்ளியோடு திரும்பினேன். முதல் தோல்வியோடு எனக்குப் போட்டியே முடிந்துவிடுகிறது. இப்படி ஜோடி சேர்ப்பது முறையா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: முறைதான் தம்பி. 1895ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டதால் சுவிஸ் முறை என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டில், ஆட்டக்காரர்களை, அவர்களின் ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கின் வரிசையில் நிறுத்தி இரண்டாகப் பிரித்து, மேல்பாதியின் முதல்வரைக் கீழ்ப்பாதியின் முதல்வரோடு ஆட வைப்பார்கள். 60 பேர் வந்தால் முதலாம் எண்காரருக்கு 31ஆம் எண்காரர் எதிராளி. ஆகவே கீழ்ப்பாதியில் இருக்கும் எவருக்கும் முதல் சுற்று கடினமாகத்தான் இருக்கும். அடுத்த சுற்றிலிருந்து, ஒரே புள்ளி வைத்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் ஆடுவார்கள். ஒரு முறை ஆடியவரோடு மறுபடியும் ஆட நேராது. நாக் அவுட் போல யாரும் வெளியேறுவதில்லை. தோற்றவருக்குத் தோற்றவர் எதிரே வருவதால், இரண்டாவது சுற்று உங்களுக்கு முதல் சுற்றை விட எளிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எளிய சுற்றை நீங்கள் ஏன் இழந்தீர்கள் என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், முதல் ஆட்டம் முடிந்ததும் செல்பேசியில் ஆட்டத்தை அலசும் நிரலான எஞ்சினைத் திறந்து மதியச் சுற்று வரை தவறுகளைத் தேடிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் மலையிலிருந்து இறங்கிப்போய்க் கோயம்புத்தூரில் ஒரு மூன்று நாள் போட்டியில் ஆடினேன். சனிக்கிழமை காலை, ஒரு யானை முழுதாக அதிகமிருந்த ஆட்டத்தை அவசரத்தில் ஸ்டேல்மேட் ஆக்கிவிட்டேன்; அதாவது, செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட நகர்வு எதுவும் இல்லாமல் போய் ஆட்டம் சமனில் முடிந்தது. இடைவேளையில் சாப்பிடப் போகாமல், மாடிப்படியில் உட்கார்ந்து சட்டைப்பை அளவுள்ள பலகையில் அந்த நிலையை அடுக்கி, நான்கே நகர்வுகளில் வென்றிருக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பால் எனக்குக் கால் புள்ளி கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. பிற்பகல் ஆட்டத்தில் பன்னிரண்டாவது நகர்விலேயே என் குதிரையை எதிராளியின் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கண் புதிய பலகையின் மேல் இருந்தது. மனம் இன்னும் மாடிப்படியில் இருந்தது. ஒரு ஸ்டேல்மேட்டால் அரைப் புள்ளிதான் போயிருந்தது. அந்த இடைவேளையால் முழுப் புள்ளி போயிற்று.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பதையும், என்னிடம் கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதையும் உங்களுக்கும் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குக் கை கொடுத்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட்டு, உங்கள் பிரதியை நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். ஞாயிறு இரவு வீட்டுக்குப் போகும் வரை அதைப் பிரிக்க வேண்டாம். வெளியே வந்து இருபது நிமிடம் நடங்கள். நம் ஊரில் நடப்பதற்கா இடமில்லை! பிறகு சாப்பிட்டு, முடிந்தால் அரைமணி நேரம் கண்ணை மூடிப் படுங்கள். ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளிலேயே, அதே திறப்பை மறுபடியும் ஆட முடியாத அளவுக்கு எங்கோ தவறு நேர்ந்திருந்தால் மட்டும் பத்து நிமிடம் அதைப் பார்க்கலாம்; மற்றபடி நடு ஆட்டத் தவறுகள் திங்கட்கிழமை வரை காத்திருக்கும். தோல்வியைப் பற்றி நினைக்காதே என்று நான் சொல்லவில்லை, அது யாராலும் முடியாது. அதைக் கிளறுவதற்கான கருவிகளை மூன்று நாள்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் நம் குகேஷ் முதல் ஆட்டத்தையே வெள்ளைக் காய்களோடு அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் இழந்தார். மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினொன்றாவதில் வென்று முன்னணிக்கு வந்தவர் பன்னிரண்டாவதில் மறுபடியும் தோற்றார். ஆனாலும் டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தில், சமனில் முடியும் என்று பலரும் எண்ணிய நிலையில் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைக்க, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் பட்டம் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு வந்தது. பன்னிரண்டாவது ஆட்டத்துக்குப் பின் அவர் எப்படி அமைதியாக உட்கார்ந்து பதின்மூன்றாவதை ஆடினார் என்பதை, அவருடைய திறப்புகளை விடக் கவனமாக நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அரங்கின் வாசலிலேயே நிறுத்தி, ‘அந்தக் குதிரையை ஏனடா அங்கே வைத்தாய்?’ என்று கேட்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் உங்கள் பிள்ளையிடம் கேட்க வேண்டியது பசிக்கிறதா என்பது ஒன்றுதான்.

கேள்வி: ஆறு சுற்றுகளில் நாலரைப் புள்ளி எடுத்தேன். அதே புள்ளி எடுத்த மூவருக்குப் பரிசு. எனக்கு மட்டும் இல்லை. ‘புக்ஹோல்ட்ஸ்’ குறைவு என்றார்கள். நான் என்ன தவறு செய்தேன்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நீங்கள் ஆடிய ஆறு எதிராளிகளும் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் புக்ஹோல்ட்ஸ். அவர்கள் நன்றாக ஆடியிருந்தால் நீங்கள் கடினமான வழியில் வந்தீர்கள் என்று பொருள். தொடக்கத்தில் தோற்றுவிட்டுக் கீழிருந்து வென்று ஏறுபவர், பெரும்பாலும் வழியில் குறைந்த புள்ளிக்காரர்களையே சந்திப்பதால் அவருக்கு இந்தத் தொகை குறையும். முதலில் வென்று இறுதியில் தோற்றவருக்குக் கூடும். சில போட்டிகளில், மிகக் குறைந்த புள்ளி எடுத்த எதிராளி ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். சமன்முறிக்கும் முறைகளும் அவற்றின் வரிசையும் போட்டியின் அறிவிப்புத் தாளிலேயே இருக்க வேண்டும். பெயர் கொடுக்கும்போதே படித்துவைத்தால் மனக்கசப்பு குறையும். ஆனால் அதை மனத்தில் வைத்துக் கடைசிச் சுற்றில் பத்து நகர்வுகளில் சமன் பேசுவது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். எதிராளிகளின் புள்ளி உங்கள் கையில் இல்லை. உங்கள் ஆட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: அணைத்து வைக்க மறந்த செல்பேசி ஆட்டத்தின் நடுவே என் சட்டைப்பையில் ஒலித்தது. வெல்லும் நிலையில் இருந்தும் தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: செய்து பயனில்லை. ஆட்ட நேரத்தில் அத்தகைய கருவி உடம்பில் இருப்பது தெரிந்தாலே தோல்விதான். ஒலித்ததா இல்லையா என்பது கேள்வியே அன்று. ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் இதே விதி. போட்டி விதிகள் அனுமதித்தால், முற்றிலும் அணைத்து, நடுவர் சொல்லும் இடத்தில் பைக்குள் வைக்கலாம். அறையிலேயே விட்டுவருவது எல்லாவற்றையும் விட நிம்மதி.

கேள்வி: வயது 44. வங்கிப் பணி. சிறு வயதில் ஆடியதோடு சரி. இனிமேல் சர்வதேச ரேட்டிங் பெற முயல்வது வீண் வேலையா?
– வாசகர், வெலிங்டன்

பதில்: வீண் வேலை இல்லை ஐயா. மேல் வயது வரம்பு எதுவும் கிடையாது. அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பில் பதிவு செய்துகொண்டு ரேட்டிங் போட்டிகளில் ஆடுங்கள். ஏற்கெனவே ரேட்டிங் பெற்றவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். அவை ஒரே போட்டியில் அமைய வேண்டும் என்பதில்லை. 2024 மார்ச் 1 முதல் பட்டியலில் மிகக் குறைந்த ரேட்டிங் 1400 என்று சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே உயர்த்திவிட்டதால், கணக்கிட்டு வரும் எண் அதை எட்டினால்தான் உங்கள் பெயர் ஏறும். அதன் பிறகு முதல் 30 ஆட்டங்கள் வரை மாற்றம் வேகமாக இருக்கும்: 200 புள்ளி கூடுதலானவரை வென்றால் 30.4 புள்ளிகள் ஏறும், அவரிடம் தோற்றால் 9.6 மட்டுமே குறையும். எனவே வலுவான எதிராளி வந்தால் அஞ்ச வேண்டாம்.

உங்கள் வயதில் உண்மையான தடை, நெடுநேரம் உட்காரும் பழக்கம் விட்டுப்போனதுதான். இணையத்தில் ஐந்து நிமிட ஆட்டங்கள் எத்தனை ஆடினாலும் அது திரும்பி வராது. போட்டிக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பரை வீட்டுக்கு அழைத்து, கடிகாரம் வைத்து, நகர்வுகளை எழுதிக்கொண்டு, காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக முழு நீள ஆட்டங்கள் ஆடிப்பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் எந்த நகர்வுக்குப் பிறகு உங்கள் கையெழுத்து கோணத் தொடங்குகிறது என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தாலே தெரியும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, போட்டியில் அந்த நகர்வு வருவதற்குச் சற்று முன்பே, எதிராளியின் கடிகாரம் ஓடும் நேரத்தில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.