கையெழுத்துப் போட்டால் என்ன ஆகிவிடும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஐ.நா.வில் பெண்ணுரிமைக்காகக் கூடுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க முடியவில்லை. அந்த நாடும் சர்வதேச ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாடுதானே? மீறினால் கேட்க ஆளில்லை. மேற்கத்திய நாடுகள் நமக்குப் பாடம் நடத்த ஒரு மேடை, அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க ஒரு புகார்க் குழு இருக்கிறது, ஓரளவு ஒழுங்காகவே நடக்கிறது. அது நம் நாட்டுச் சட்டம். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள முடியும்போது இந்தச் சர்வதேச ஒத்துழைப்பெல்லாம் எதற்கு?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஆப்கானிஸ்தான் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க எதுவும் இல்லை. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை 2003-ல் அந்த நாடு ஒரு நிபந்தனையும் போடாமல் ஏற்றது. ஆள்பவர்களுக்கு வெட்கமும் இல்லை, உள்ளூரில் வழக்குப் போடப் போய் நிற்க ஒரு நீதிமன்றமும் இல்லை என்றால் அது வெறும் காகிதம்தான்.

ஆனால் உங்கள் கம்பெனிப் புகார்க் குழுவை இதற்கு எதிர்ச்சான்றாகக் கொண்டுவந்தீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அந்தக் குழுவே அந்தக் காகிதத்தின் வழியாக வந்ததுதான்.

ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப் பணியாளராக இருந்தார். குயவர் சாதி. 1992-ல் ஆதிக்கசாதி வீடு ஒன்றில், ஒரு வயதுகூட நிரம்பாத பெண்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தார். அது அவருடைய வேலை, அரசு கொடுத்த வேலை. அந்த செப்டம்பரில், கணவரின் கண்முன்னே கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

வேலையின் காரணமாக ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டா? விசாகா என்ற அமைப்பும் வேறு சில பெண்கள் குழுக்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்தக் கேள்வியோடுதான். அப்போது பணியிடப் பாலியல் தொல்லைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. அரசியல் சாசனம் சமத்துவம் பேசுகிறது, சரி. ஆனால் ஒரு அலுவலகத்தில் யாரிடம் புகார் கொடுப்பது, யார் விசாரிப்பது என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தியா அந்த உடன்படிக்கையை 1993-ல் உறுதிசெய்திருந்தது. 1995-ல் பெய்ஜிங் மாநாட்டில் பெண்களுக்காகச் சில உறுதிமொழிகளும் கொடுத்திருந்தது. கையெழுத்துப் போட்ட புரோநோட்டை எடுத்து நீட்டுவது போல இரண்டையும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுச் சட்டத்தில் வெற்றிடம் இருந்து, சர்வதேச உடன்படிக்கை அதோடு முரண்படாமலும் இருந்தால், அதைக் கொண்டு அடிப்படை உரிமைக்குப் பொருள் சொல்லலாம் என்றது. இதற்குத் துணையாக ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. அது மலேசியாவிலிருந்து குடியேறிய ஒருவருடைய வழக்கு, குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைப் பற்றியது! 1997 ஆகஸ்டில் வந்த விசாகா தீர்ப்பு, புகார்க் குழு வேண்டும், பெண் தலைமை வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்று வரையறுத்தது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 2013 வரை ஆனது. ஆக, நாமேதான் செய்துகொண்டோம் என்பது உண்மை. எதைக் கையில் வைத்துக்கொண்டு செய்தோம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பன்வாரி தேவிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் கசப்பானது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. லட்சக்கணக்கான பெண்களுக்கு வழி திறந்த வழக்கு, அந்தப் பெண்ணுக்கு நியாயம் தரவில்லை. எந்த மாநாட்டு அறிக்கையிலும் இந்த வரியை நான் முதலில் தேடுவேன், பெரும்பாலும் இருக்காது.

மேற்கத்தியப் பாடம் என்கிறீர்கள். அமெரிக்கா 1980-லேயே கையெழுத்திட்டும் இன்றுவரை இந்த உடன்படிக்கையை உறுதிசெய்யவில்லை. 1945-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது பெண்களின் சம உரிமைக்காக மல்லுக்கட்டியவர்கள் பிரேசிலின் பெர்தா லுட்ஸும் டொமினிக்கன் குடியரசின் மினெர்வா பெர்னார்டினோவும். அமெரிக்கப் பெண் பிரதிநிதி அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. எனவே யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வேறு மாதிரி ஒத்துழைப்பும் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார், ஆலை மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து பெரிய ஆடை நிறுவனங்களை ஒப்பந்தத்துக்கு வரவைத்தது. 2022-ல் கையெழுத்தான அதற்கு திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே பெயர். அதன்படி லைனில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களானார்கள், ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கை வைக்கப்படும் என்பதுதான் பேச்சு. மீறினால் கேட்க ஆளில்லை என்றீர்களே, இங்கே கேட்கிற ஆள் சரக்கு வாங்குகிறவர். எனக்கு இது ஐ.நா. தீர்மானங்களைவிடக் கூர்மையானதாகவே படுகிறது. ஆனால் ஏற்றுமதி ஆலைக்குத்தான் இந்தப் பிடி. செங்கல் சூளைக்கும் வீட்டு வேலைக்கும் எந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவார்?

அப்புறம், நம் அரசு கையெழுத்திட்ட விதத்தையும் பாருங்கள். எந்தச் சமூகத்தின் உள்விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் சம்மதமில்லாமல் தலையிட மாட்டோம் என்று ஒரு பிரகடனத்தை இணைத்துத்தான் இந்தியா உடன்படிக்கையை ஏற்றது. அதாவது, வீட்டுக்குள் நடக்கும் முக்கால்வாசி விஷயத்துக்கு வாசலிலேயே ஒரு பூட்டு. திருமண உறவில் நடக்கும் வல்லுறவைக் குற்றமாக்குங்கள் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு கேட்டும், புதிய குற்றவியல் சட்டத்தில் கணவருக்கான பழைய விலக்கு அப்படியே தொடர்கிறது.

இன்னொன்று, அந்த உடன்படிக்கைக்கு 1999-ல் வந்த கூடுதல் நெறிமுறை. உள்நாட்டு வழிகள் முடிந்துபோன பிறகு ஒரு தனிப்பெண் நேரடியாகக் குழுவிடம் முறையிட அது வழிசெய்கிறது. இலங்கை அதை 2002-ல் ஏற்றது. அதன்படிதான் இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா ஃப்ளேமர்-கால்டெரா தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டத்துக்கு எதிராக முறையிட்டு, 2022-ல் தனக்குச் சாதகமான முடிவைப் பெற்றார். முடிவு வந்ததும் சட்டம் மாறிவிடவில்லை. இருந்தாலும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஜெனீவா வரை ஒரு வழி இருக்கிறது. ஜெய்ப்பூர்ப் பெண்ணுக்கு இல்லை, ஏனென்றால் இந்தியா அதில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று உங்கள் தொகுதி எம்.பி.யைக் கேட்டுப் பாருங்களேன். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.