கராஜ் சேலுக்குக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு: கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஸ்காபரோவில், இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். பனிக்காலம் முடிந்து மே மாதம் பிறந்தால், சனிக்கிழமைக் காலைகளில் கணவர், பிள்ளைகள் சகிதம் கராஜ் சேல்களுக்கு, அதாவது வீட்டுக்காரர்கள் தாங்கள் பாவித்த பொருட்களைத் தங்கள் வீட்டு வாசலிலேயே மலிவாக விற்கும் இடங்களுக்கு, போவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த அனுபவத்தைக் கொண்டு, அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பிரம்டனுக்கு வந்து எட்டு மாதங்களே ஆகின்றன. எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனால் நல்ல பொருட்கள் கிடைக்கும்?

பதில்: மே மாதத்தில் வரும் விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டிய வாரங்களிலிருந்து செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினம் வரை இதற்கு ஏற்ற காலம். சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள் போனால் தெரிவு அதிகம். நண்பகலுக்குப் பின் போனால் தெரிவு குறைவு, ஆனால் மிஞ்சியதை மீண்டும் உள்ளே தூக்கிவைக்க விரும்பாத வீட்டுக்காரர்கள் விலையைத் தாராளமாகக் குறைப்பார்கள். ஒரு தெருவே சேர்ந்து விற்கும் நாள் என்றால் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே பத்து வீடுகளைப் பார்க்கலாம் என்பதால், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அத்தகைய தெருக்களையே முதலில் தேடுங்கள். ஒன்று, இரண்டு டொலர் நாணயங்களும் ஐந்து டொலர் தாள்களும் கையில் இருக்கட்டும். வீட்டில் எது இல்லை என்று முதல் நாள் இரவே எல்லோரும் கூடியிருந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவு நாடாவையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, விலை குறைத்துக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. நம்மைத் தாழ்வாக நினைப்பார்களோ?

பதில்: நினைக்க மாட்டார்கள். குறைத்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே விலை எழுதுகிறார்கள். ஆனால் பொருளைப் பழித்து விலையை இறக்குவது இங்கே மிகவும் மனத்தை நோகச் செய்யும். அது அவர்களுடைய தாயார் பாவித்த கோப்பையாகக்கூட இருக்கலாம். பிடித்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, “இவை எல்லாவற்றையும் சேர்த்து எவ்வளவுக்குத் தருவீர்கள்?” என்று கேளுங்கள். ஒற்றைப் பொருளில் ஒரு டொலர் குறைக்கத் தயங்குகிறவர்கள், நான்கு பொருட்கள் என்றவுடன் தாமாகவே குறைப்பார்கள். ஒரு டொலர், இரண்டு டொலர்ப் பொருளுக்கு நான் பேரம் பேசுவதில்லை.

கேள்வி: கறள் பிடித்த கனமான இரும்புத் தட்டு ஒன்றை நான்கு டொலருக்குக் கண்டேன். தோசைக்கல்லாகப் பாவிக்கலாமா?

பதில்: தாராளமாக. கராஜ் சேலில் எனக்குக் கிடைத்தவற்றிலேயே மேலானது மூன்று டொலருக்கு வாங்கிய ஒரு வார்ப்பிரும்புத் தட்டுத்தான். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தோசை அதில்தான் வேகிறது. கறளைக் கண்டு பயப்பட வேண்டாம், வெடிப்பைக் கண்டு பயப்படுங்கள். கைப்பிடியில் பிடித்துத் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீர் என்று மணிபோல ஒலிக்கும், வெடித்த இரும்பு மந்தமாகச் சத்தமிடும். பிறகு சமதளமான மேசையில் வைத்து அழுத்துங்கள். ஆடினால் கண்ணாடித் தட்டு வைத்த மின் அடுப்புக்கு அது உதவாது. தூண்டில் குண்டுகள் வார்ப்பதற்காகப் பழைய இரும்புச் சட்டிகளில் நஞ்சான ஈயத்தை உருக்கியவர்களும் உண்டு. ஆகவே எதற்குப் பாவித்தீர்கள் என்று கேளுங்கள், சிறு சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கம்பி நாரால் கறள் முழுவதும் போகும்வரை தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை வற்றச் செய்யுங்கள். எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, புகை எழும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை நான்கைந்து தடவை செய்தால் கறுத்துப் பளபளக்கும். முதல் நாள் அரை வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எண்ணெய் தொட்டுத் தேய்த்தபின் மாவை ஊற்றுங்கள். முதல் இரண்டு தோசைகள் ஒட்டும், மூன்றாவது தானாகக் கிளம்பும். இதற்கு மாறாக, ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி கீறலோடு இருந்தால் இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளை! என் பேரனுக்குச் சில்லு வைத்த நடைவண்டியும் ஒரு தொட்டிலும் காரில் வைக்கும் குழந்தை ஆசனமும் ஒரே வீட்டில் மலிவாகக் கிடக்கின்றன. வாங்கலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து மூன்றையும் உடனே வாங்கிவிடாதீர்கள். குழந்தையை உள்ளே நிறுத்தித் தள்ளவிடும் சில்லு நடைவண்டியை விற்பதைக் கனடா 2004 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. குழந்தைகள் அதோடு படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்டதே காரணம். பழைய பொருள் என்றாலும், கராஜ் சேல் என்றாலும் தடை தடைதான். பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் தொட்டில்களை 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள் தடை செய்கின்றன. மற்றத் தொட்டில் என்றாலும், தயாரித்த திகதியும் மாதிரி இலக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கனடா சுகாதாரத் திணைக்களத்தின் மீளப்பெறுதல் (recall) பட்டியலில் தேடிய பிறகே முடிவெடுங்கள்.

கார் ஆசனத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. அது பிளாஸ்ரிக்கிலோ ஒட்டியிருக்கும் சீட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். கனடாவின் தேசியப் பாதுகாப்புச் சின்னமும் இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தாலும், அந்த ஆசனம் விபத்தில் சிக்கியதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. நன்கு தெரிந்தவர் தருவதை வாங்குங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். பேரனுக்கு உடுப்பும் படப் புத்தகமும் அதே வீட்டில் இருந்தால் மனநிறைவோடு வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: சைக்கிள் தலைக்கவசம் இரண்டு டொலர்தானே?

பதில்: வேண்டாம். ஒரு தடவை அடி தாங்கவே அது செய்யப்படுகிறது. உள்ளே நொறுங்கியது வெளியே தெரியாது. சைக்கிளைப் பழையதாகவும் தலைக்கவசத்தைப் புதியதாகவும் வாங்குங்கள்.

கேள்வி: செற்றியும் (சோபா) படுக்கை மெத்தையும் வாங்குவது பற்றி?

பதில்: மெத்தை வேண்டவே வேண்டாம். செற்றி என்றால் இருக்கைத் திண்டுகளைக் கிளப்பி, தையல் மடிப்புகளைக் கைவிளக்கால் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ உரிந்த தோல்களோ தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. நாங்கள் முதல் வருடத்தில் இருளத் தொடங்கிய நேரத்தில், பார்க்காமல் ஒரு செற்றியை ஏற்றிவந்து, மூன்று மாதம் பிள்ளைகளின் கால்களில் தடிப்புகளைக் கண்டு அழுதோம். துணிகளை வாங்கினால், வீட்டுக்குள் விரிக்கும் முன் உலர்த்தி இயந்திரத்தில் கூடிய சூட்டில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முழு மரத்தாலான மேசை, அலுமாரி போன்றவற்றைத் துணிந்து வாங்கலாம். இழுப்பறையை வெளியே எடுத்து, மூலைகள் மரத்தோடு மரம் கோத்தவையா, மர நாரை அழுத்திச் செய்த வெறும் தும்புப் பலகையில் ஆணி அடித்தவையா என்று பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கண்டதையெல்லாம் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லதா?

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஐந்து டொலரைச் சில்லறையாகக் கொடுத்து, அன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள். என் மகள் ஏழு வயதில் முதல் வீட்டிலேயே நான்கு டொலருக்கு ஒரு பொம்மையை வாங்கிவிட்டு, மூன்றாவது வீட்டில் ஒரு பெட்டி நிறைய லெகோ கட்டைகள் ஐந்து டொலருக்கு இருப்பதைக் கண்டு, கையிலிருந்த ஒரு டொலரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மிச்சத்தைப் போட்டுக் கொடுக்கவில்லை; கொடுக்காமல் நிற்பது எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை, எல்லா வீடுகளையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகே பையைத் திறந்தாள். லெகோவைப் பொறுத்தவரை, 1958க்குப் பிந்திய கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்தும் என்பதால் கலந்து கிடந்தாலும் வாங்கலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவுக்கு அனுப்ப இங்கே ஒரு பிளெண்டர் வாங்கலாமா?

பதில்: இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். மின்மாற்றியோடு அனுப்பும் செலவுக்கு அங்கேயே புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். 100–240 என்று அச்சிட்ட தொலைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகளை அனுப்பலாம்; செருகியின் வடிவத்தை மாற்றும் சிறு இணைப்பு மட்டும் போதும். அம்மாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால், மூடியோடு கூடிய கனமான எவர்சில்வர்ப் பானை ஒன்றைத் தேடுங்கள். அதற்கு மின்சாரமே தேவையில்லை, பெட்டியில் அதன் உள்ளே துணிகளையும் அடுக்கலாம்.