கேட்டவளே பதில் சொல்கிறாள்

மாதாமாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு நாலைந்து கேள்வி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஊர் ஆத்தங்குடி, படிப்பது பதினொன்றாம் வகுப்பு. "போதும் தாயி, இந்த மாதம் நீயே பதில் சொல்லிப் பார், எங்கள் கஷ்டம் தெரியும்" என்று ஆசிரியர் ஐயா ஐந்து கடிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஏன், எதற்கு என்று குடையும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? (வாசகி, கானாடுகாத்தான்)

தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது அக்கா. அப்பாவுக்குத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் அறைகளில் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சைத் தூக்கிவிட்டு, காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவை வைத்து மட்டம் தட்டுவார். மறுநாள் கண்ணாடியோடு சேர்த்துக் கல்லைத் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். சில நாள் கழித்து எடுத்தால் கண்ணாடி தனியாகக் கழன்று வரும், அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும்.

ஏழாவது படிக்கும்போதிருந்தே எனக்கு ஒரு உறுத்தல். காய வேண்டிய பொருளை ஏன் நனைக்கிறார்கள்? "தண்ணி குடிச்சாத்தான் கல்லு இறுகும்" என்றார் அப்பா. வகுப்பில் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார்கள்.

சரி என்று போன கோடை விடுமுறையில் பூ இல்லாத ஆறு கற்களை அச்சிலிருந்து எடுத்த மறுநாளே அப்பாவிடம் வாங்கினேன். மூன்று தொட்டியில், மூன்று மொட்டை மாடி வெயிலில். பத்து நாள் கழித்து ஆணியால் கீறினேன். வெயிலில் கிடந்தது மாவாக உதிர்ந்தது. தொட்டிக் கல்லில் ஆணிதான் வழுக்கியது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்று அப்புறம் புத்தகத்தில் பார்த்தேன். அங்கே அதற்கு 'நீரேற்றம்' என்று பெயர். எனக்கு 'தண்ணி குடிச்சா'தான் பிடித்திருக்கிறது. ஆனால் தொட்டிக் கற்களிலும் ஒன்று ஓரம் உடைந்தது. மணலைச் சரியாகச் சலிக்கவில்லை என்கிறார் அப்பா. நான் தூக்கிய லட்சணம் அப்படி என்கிறாள் தங்கச்சி. இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாங்கள் வாய்ப்பாட்டை உருப்போட்டு வளர்ந்தவர்கள். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் என்றாலே கசக்கிறதே? (வாசகர், தேவகோட்டை)

எனக்குக் கசக்கவில்லை ஐயா. எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அவருடைய அப்பா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். அவர் சொல்லக் கேட்டே அப்பத்தாவுக்குக் கீழ்வாய்க் கணக்கு, அதாவது அந்தக் காலத்துப் பின்னக் கணக்கு, தெரியும்: மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. நானும் பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். ஒருநாள் ஒப்பிக்கும்போதே உறைத்தது, அது ஏன் 320? முழுசாக 300 என்று வைத்திருக்கக் கூடாதா?

பாதி பாதியாக இறங்கினால் கால், அரைக்கால், மாகாணி. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒன்றாக இறங்கினால் நாலுமா, மா, காணி. இந்த இரண்டு குடும்பமும் முந்திரியில் உடையாமல் அடங்குகின்றன. மாகாணிக்கு 20 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி. 300 என்று வைத்தால் மாகாணிக்கு பதினெட்டே முக்கால் வரும். பின்னங்களின் கீழ் எண்களைச் சமப்படுத்தி நாங்கள் பக்கம் பக்கமாகப் போடும் கணக்கை அவர்கள் முந்திரியாக மாற்றிக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்! மனப்பாடமாக இல்லாவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது. காரணம் கேட்டால் திட்டுவதுதான் கசக்கிறது.

டாக்டரா, கலெக்டரா? (வாசகர், பள்ளத்தூர்)

இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள், இங்கேயுமா? இப்போதைக்குப் பதினொன்றாம் வகுப்பு.

என் மகன் செல்போனிலேயே எல்லாம் படித்துவிடலாம் என்கிறான். நீ என்ன சொல்கிறாய்? (வாசகி, காரைக்குடி)

நானும் போனில் படிக்கிறவள்தான் அம்மா. ஒரு வீடியோவில் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைத்துச் சுடுவதாகச் சொன்னார்கள், பின்னணி இசையோடு. எங்கள் பட்டறையில் டீ போடும் அடுப்பைத் தவிர வேறு அடுப்பே கிடையாது. அன்றிலிருந்து நேரில் பார்க்க முடிந்ததை நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன். தம்பியைப் பட்டறைக்கு அனுப்புங்கள், அப்பா காட்டுவார்.

காரைக்குடியில் இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அதனால் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு என்ன பயன்? (வாசகர், சிவகங்கை)

மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்கிறீர்கள், எங்களுக்கு அது 'சிக்ரி'. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. பேட்டரி, முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது எல்லாம் அங்கே வேலை. மற்ற நாளில் வாசலோடு சரி. பொதுமக்களைப் பார்க்க விடுகிற நாளில் நான் கல் கணக்கு நோட்டோடு போனேன்.

விஷயம் இதுதான். தொட்டிக் கற்களை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். ஒரு வாரம் நிழலில் காய்ந்த பிறகும் எடை, தொட்டியில் போடும் முன் இருந்ததைவிடக் கூடித்தான் இருந்தது. கூடினது சிமெண்டோடு சேர்ந்துபோன தண்ணீரா, கல்லின் துளைகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரா? அங்கிருந்த ஒரு அம்மா என் நோட்டை நின்று படித்தார். "105 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும்வரை காய வை. ஒளிந்திருப்பது போய்விடும், சேர்ந்தது பெரும்பாலும் நிற்கும்" என்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பயன் கேட்டீர்களே ஐயா, எனக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிடம்.

105 டிகிரிக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரி அண்ணனிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, "ரொட்டி எடுத்து முடிச்சதும் அடுப்பு ஆறிக்கிட்டு வரும், அப்போ வை. ஆனா கல்லைக் கழுவிட்டுக் கொண்டுவா" என்றார். கழுவினால் மறுபடி தண்ணீர் குடிக்குமே அண்ணே என்றேன். துணியால் துடைத்துக் கொண்டுபோவதாகப் பேச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.